கேஎம், டிஎஸ்எஸ் ஆராய்ச்சி: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

பிஎச்டி சேரப் போறவங்க, சேந்துட்டு டாபிக் கெடைக்காம முழிக்கிறவங்க, ஆபீஸ்ல "நாலெட்ஜ் போர்ட்டல்" பொறுப்பு தலையில வந்து விழுந்தவங்க, மூணு தரப்பும் ஒரே கேள்விகளைத்தான் மாத்தி மாத்தி கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி மாளல, அதான் எல்லாத்தையும் இங்க ஒண்ணா போட்டுட்டேன். கேள்வியெல்லாம் கேட்டவங்க வார்த்தையிலயே இருக்கு.

கேஎம்னா என்ன, டிஎஸ்எஸ்னா என்ன? ரெண்டும் ஒண்ணா வேறயா? யாரும் தெளிவா சொல்ல மாட்டேங்கறாங்க.

நாலெட்ஜ் மேனேஜ்மென்ட், சுருக்கமா கேஎம், ஒரு நிறுவனத்துல ஒருத்தருக்குத் தெரிஞ்ச விஷயம் அது தேவைப்படற இன்னொருத்தருக்கு நேரத்துக்குப் போய்ச் சேருதா, சேரலைன்னா எங்க மாட்டிக்குதுன்னு பாக்கற துறை. டிசிஷன் சப்போர்ட் சிஸ்டம், டிஎஸ்எஸ், முடிவு எடுக்கறவருக்கு டேட்டாவையும் மாடலையும் கையில குடுத்து "இப்படிப் பண்ணினா என்ன ஆகும்"னு பாக்க விடற சிஸ்டம். முடிவை அவர்தான் எடுப்பார், சிஸ்டம் கூட நிக்கும், அவ்வளவுதான்.

பொறந்த எடம் வேற வேற. டிஎஸ்எஸ் 1971ல எம்ஐடில இருந்த கோரியும் ஸ்காட் மார்ட்டனும் எழுதின கட்டுரையில இருந்து வளந்தது, அதுக்கு அடில ஆபரேஷன்ஸ் ரிசர்ச், கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கு. கேஎம் 1990கள்ல சூடு பிடிச்சது, அதுக்குப் பின்னாடி தத்துவம், சமூகவியல், மேனேஜ்மென்ட்னு ஒரு கலவை. ஆனா ரெண்டுமே கடைசியில ஒரே எடத்துல வந்து நிக்குது: ஒருத்தர் ஒரு முடிவு எடுக்கற அந்த நேரத்துல அவருக்கு என்ன தெரியும், என்ன தெரிஞ்சிருக்கணும். என்னைக் கேட்டா இந்தக் கேள்வியைக் கையில புடிச்சுக்கிட்டா பாதி குழப்பம் போயிடும், கீழ வர்ற பல பதில்லயும் இதையேதான் சுத்திச் சுத்தி வருவேன்.

எல்லா பேப்பர்லயும் "செமி ஸ்ட்ரக்சர்டு"னு வருதே, பந்தா பண்றாங்களா, இல்ல அதுக்கு நெசமாவே அர்த்தம் இருக்கா?

இருக்கு. ஹெர்பர்ட் சைமன் 1960லயே முடிவுகளை ரெண்டா பிரிச்சார், விதி எழுதிட்டா யார் பண்ணாலும் ஒரே மாதிரி வர்ற முடிவு ஒண்ணு, விதியே எழுத முடியாத முடிவு ஒண்ணு. சரக்கு இந்த அளவுக்குக் கீழ போனா ஆர்டர் போடுங்கறது முதல் வகை, புது தொழில்ல காலை வைக்கலாமாங்கறது ரெண்டாவது வகை. கோரியும் ஸ்காட் மார்ட்டனும் நடுவுல இருக்கறதைப் புடிச்சாங்க: கொஞ்சத்தைக் கணக்குப் போடலாம், மிச்சத்துக்கு ஆளோட அனுபவம் வேணும். டிஎஸ்எஸ்ஸுக்கு வேலை அங்கதான்.

ஒண்ணு மட்டும் கவனிங்க, இந்தக் கோடு நகந்துக்கிட்டே இருக்கும். நேத்து அனுபவஸ்தர் பாத்து சொன்னது இன்னிக்கு ஒரு மாடல்ல அடங்கிடுது. அதனால "என் பிரச்சினை செமி ஸ்ட்ரக்சர்டு"ன்னு எழுதிட்டு போயிடாதீங்க, அதுல எந்தப் பகுதி கணக்கு, எந்தப் பகுதி ஆள்னு பிரிச்சுக் காட்டுங்க.

டேட்டா, இன்ஃபர்மேஷன், நாலெட்ஜ், விஸ்டம்னு அந்த பிரமிடு படத்தைப் போட்டு முதல் சாப்டரை ஆரம்பிக்கலாம்ல?

தயவுசெஞ்சு வேணாம். அந்த வரிசையை ரசல் ஆக்காஃப் 1989ல எழுதினார், அதுக்கப்புறம் எல்லா தீசிஸும் அதே படம். டேட்டாவைச் சேத்துக்கிட்டே போனா அது தானா நாலெட்ஜா மாறிடுங்கற நெனப்பை அந்தப் படம் குடுக்குது, அதுதான் வில்லங்கம். இல்க்கா துவோமி 1999ல அதைத் தலைகீழா திருப்பினார்: எதை அளக்கணும், எந்தக் கட்டத்துல நிரப்பணும்னு முடிவு பண்றதுக்கே முன்னாடி நாலெட்ஜ் வேணும், டேட்டா கடைசியில வர்றதுன்னு. ஒரு எக்செல் ஷீட்டுக்கு தலைப்பு வரிசை போட்டுப் பாருங்க, அவர் சொன்னது புரியும்.

டாசிட் நாலெட்ஜ்னா இன்னும் எழுதி வைக்காத நாலெட்ஜ், எழுதி வச்சுட்டா எக்ஸ்பிளிசிட். இவ்வளவுதானே?

இல்லீங்க, இங்கதான் நெறைய பேர் வழுக்கி விழறாங்க. தத்துவவாதி மைக்கேல் போலன்யி 1966ல சொன்னது, நம்மால சொல்ல முடியறதை விட நமக்குத் தெரிஞ்சது அதிகம்னு. நேரம் இல்லாததால எழுதாம விட்டது ஒரு ரகம், உக்கார வச்சுக் கேட்டாலும் வார்த்தையில வராதது இன்னொரு ரகம். முதல் ரகத்துக்கு ஒரு டெம்ப்ளேட் குடுத்தா போதும், ரெண்டாவதுக்கு எத்தனை டெம்ப்ளேட் குடுத்தாலும் வராது.

ஜப்பானிய மேனேஜ்மென்ட் பேராசிரியர் நொனாகா சொல்ற ஒரு கதை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். மட்சுஷிட்டா கம்பெனி 1980கள்ல வீட்டுல பிரெட் சுடற மிஷின் பண்ணாங்க, மாவு சரியா பெசையவே மாட்டேங்குது. எக்ஸ்ரே எல்லாம் எடுத்துப் பாத்தும் பிடிபடல. கடைசியில இகுகோ தனாகான்னு அவங்க சாஃப்ட்வேர் டெவலப்பர் ஒசாகால நல்ல பிரெட்டுக்குப் பேர் போன ஒரு ஹோட்டலோட தலைமை பேக்கர்கிட்ட கத்துக்கப் போனாங்க, அவர் மாவை இழுக்கும்போது ஒரு முறுக்கும் சேத்துக் குடுக்கறதை அங்கதான் கவனிச்சாங்க. அதுக்கப்புறம் இன்ஜினியர்களோட உக்காந்து மிஷின் உள்பக்கம் வரிவரியா மேடு வச்சு அந்த முறுக்கைக் கொண்டு வந்தாங்க. பேக்கரை இன்டர்வியூ பண்ணியிருந்தா அவர் "மாவைப் பெசைவேன்"னுதான் சொல்லியிருப்பார்.

அப்போ நொனாகாவோட எஸ்இசிஐ மாடலை வச்சே தீசிஸ் பண்ணிடலாமா? கைடு அதைத்தான் சொல்றார்.

பண்ணலாம், ஆனா அந்த மாடல் மேல இருக்கற சண்டையைத் தெரிஞ்சுக்கிட்டு பண்ணுங்க. பழகிக் கத்துக்கறது, சொல்லா மாத்தறது, சொன்னதை ஒண்ணா சேக்கறது, சேத்ததை மறுபடி கைப்பழக்கமா ஆக்கிக்கறதுன்னு நாலு கட்டம், 1994லயும் 1995லயும் முழுசா எழுதினது. ஹாரிடிமோஸ் ட்சூகாஸ் 2003ல நேரா கேட்டார்: போலன்யி சொன்ன டாசிட்டை அப்படியே எக்ஸ்பிளிசிட்டா "மாத்த" முடியாது, பேக்கரோட கைக்குள்ள இருந்தது மிஷினுக்குள்ள போகல, வேற ஒண்ணுதான் போச்சுன்னு. எனக்கு ட்சூகாஸ் சொல்றதுதான் சரின்னு படுது. உங்களுக்குப் படலைன்னா ஏன்னு ஒரு பக்கம் எழுதுங்க, அந்த ஒரு பக்கம் வைவால உங்களைக் காப்பாத்தும்.

போர்ட்டல் போட்டாச்சு, டிரெய்னிங் குடுத்தாச்சு, யாரும் அந்தப் பக்கமே வர்றதில்ல. ரிசர்ச் என்ன சொல்லுது?

முதல்ல, நீங்க தனி ஆள் இல்ல. நாசாவே விபத்துகள்ல இருந்து கத்த பாடங்களை ஒரு டேட்டாபேஸ்ல போட்டு வச்சிருந்தது, அமெரிக்க அரசோட தணிக்கை அலுவலகம் 2002ல போய்ப் பாத்தா ப்ராஜெக்ட் மேனேஜர்கள் அதை வழக்கமா தேடிப் பாக்கறதே இல்லைன்னு தெரிஞ்சுது. ராக்கெட் விடறவங்களுக்கே அந்தக் கதின்னா.

இதுல படிக்க வேண்டியது ஜூலியன் ஓர். ஜெராக்ஸ் கம்பெனியோட காப்பி மிஷின் ரிப்பேர் பண்றவங்களோட சுத்தின மானுடவியல் ஆய்வாளர், 1996ல புத்தகமா வந்துச்சு. கம்பெனி குடுத்த மேனுவல்ல இந்த எரர் கோடு வந்தா இதைப் பாருன்னு இருக்கும், ஆனா களத்துல மிஷின் காட்டற கோடு ஒண்ணு, கோளாறு வேற ஒண்ணு. அப்போ டெக்னீஷியனும் அவருக்கு மேல இருக்கற ஸ்பெஷலிஸ்டும் மிஷின் முன்னாடி நின்னு பழைய கதைகளை மாத்தி மாத்தி சொல்லுவாங்க, "அன்னிக்கு அங்க ஒரு மிஷின்ல இப்படித்தான் ஆச்சு"ன்னு, அந்தக் கதைகளுக்கு நடுவுலதான் கோளாறு பிடிபடும். சாப்பிடற மேஜையிலயும் இதே பேச்சுதான். மேல இருந்து பாத்தா அரட்டை, உள்ள இருந்து பாத்தா அதுதான் அவங்க நாலெட்ஜ் பேஸ்.

இதைப் புரிஞ்சுக்கிட்ட பிறகு அதே ஜெராக்ஸ்ல யுரேகான்னு ஒரு சிஸ்டம் வந்துச்சு. டெக்னீஷியன்களே குறிப்பு எழுதுவாங்க, அந்த வேலை தெரிஞ்ச சகாக்களே அதைச் சரி பாப்பாங்க, எழுதினவர் பேர் குறிப்புலயே இருக்கும். அது ஓடுச்சு. உங்க போர்ட்டல்ல எழுதறது யாரு, சரி பாக்கறது யாரு, படிக்கறவர் எந்த நேரத்துல எந்த முடிவுக்காகப் படிக்கணும்னு இந்த மூணையும் எழுதிப் பாருங்க. மூணாவதுக்கு பதில் இல்லைன்னா போர்ட்டல் காலியா கெடக்கறதுல ஆச்சரியமே இல்ல.

இன்னொண்ணும் இருக்கு. ஹான்சன், நோரியா, டியர்னி மூணு பேரும் 1999ல ரெண்டு வழியைப் பிரிச்சாங்க, எழுதி வச்சு மறுபடி மறுபடி பயன்படுத்தறது ஒண்ணு, ஆளையும் ஆளையும் பேச வைக்கறது ஒண்ணு. ஒவ்வொரு வாட்டியும் புதுசா யோசிக்க வேண்டிய வேலைன்னா ரெண்டாவது வழிதான் எடுபடும். அங்க டாக்குமென்ட் போர்ட்டலை விட "யாருக்கு என்ன தெரியும்"ங்கற ஒரு பட்டியலே ஜாஸ்தி உதவும்.

பாயிண்ட்ஸ், போனஸ்னு குடுத்தா எல்லாரும் ஷேர் பண்ண ஆரம்பிச்சிடுவாங்கல்ல?

எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. பாக் (Bock)ங்கற ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் 2005ல கொரிய நிறுவனங்கள்ல 154 மேனேஜர்களை வச்சுப் பண்ண ஆய்வுல, வெளியில இருந்து பரிசு கிடைக்கும்ங்கற எதிர்பார்ப்பு ஷேர் பண்ற மனப்பான்மையைக் குறைக்கத்தான் செஞ்சுது. சகாக்களோட உறவு நல்லா இருக்கும்ங்கற எதிர்பார்ப்பு அதைக் கூட்டுச்சு. ஒரே ஒரு ஆய்வுதான், எல்லா எடத்துக்கும் பொருந்தும்னு நான் சொல்ல வரல. ஆனா பாயிண்ட்டுக்குன்னு எழுதினா எண்ணிக்கைதான் கூடும், குப்பையும் கூடும், அதைத் தேடறவர் ரெண்டு வாட்டி பாத்துட்டு மூணாவது வாட்டி வரமாட்டார். மேல சொன்ன யுரேகால பேர் போட்டதுதான் பரிசுங்கறதையும் சேத்து யோசிங்க.

எங்க ஆபீஸ்ல ஒருத்தர் தெரிஞ்சும் தெரியாத மாதிரி நடிக்கறார். இதெல்லாம் ரிசர்ச்ல வருமா?

வருது, அதுக்கு நாலெட்ஜ் ஹைடிங்னு பேரே வச்சுட்டாங்க. கோனலியும் மத்தவங்களும் 2012ல மூணு விதமா பிரிச்சாங்க: அப்புறம் சொல்றேன்னு இழுத்தடிச்சு வேற எதையாவது குடுக்கறது, தெரியாதுன்னு நடிக்கறது, "சொல்லக் கூடாதுன்னு மேலிடம் சொல்லியிருக்கு"ன்னு காரணம் காட்டறது. மூணாவதுல பொய்யே இல்லாமலும் இருக்கலாம்.

ஆனா எல்லாத்தையும் மனுஷங்க மேல போட்டுடாதீங்க. ஷுலான்ஸ்கி 1996ல 8 கம்பெனிகள்ல 122 நல்ல நடைமுறைகள் ஒரு பிரிவுல இருந்து இன்னொரு பிரிவுக்குப் போறதைப் பாத்தார். மாட்டிக்கிட்டதுக்குப் பெரிய காரணமா வந்தது மனசில்லாமை இல்ல. வாங்கிக்கறவங்களுக்கு அதை உள்வாங்கற அடிப்படை இல்லாதது, அது ஏன் வேலை செய்யுதுன்னு குடுக்கறவங்களுக்கே தெரியாதது, ரெண்டு பக்கத்துக்கும் பேச்சுவார்த்தை சரியில்லாதது, இந்த மூணும்தான் முன்னாடி நின்னுச்சு.

டிஎஸ்எஸ்ல எத்தனை வகை இருக்கு? எக்ஸாமுக்கு வேணும்.

டேனியல் பவர் பிரிச்சபடி அஞ்சு: டேட்டா, மாடல், டாக்குமென்ட், நாலெட்ஜ், கம்யூனிகேஷன், எது முன்னாடி நின்னு ஓட்டுதோ அந்தப் பேர். உள்ள என்ன இருக்கும்னு கேட்டா ஸ்ப்ரேகும் கார்ல்சனும் 1982ல எழுதின மூணு: டேட்டா, மாடல், யூசரோட பேசற பகுதி. எக்ஸாமுக்கு இது போதும்.

எக்ஸ்பர்ட் சிஸ்டமெல்லாம் செத்துப் போச்சு, அதை ஏன் இன்னும் சிலபஸ்ல வச்சிருக்காங்க?

ஏன் செத்துச்சுன்னு தெரிஞ்சுக்கத்தான். எக்ஸ்பர்ட் சிஸ்டம்னா ஒரு நிபுணர் முடிவு எடுக்கற விதத்தை விதிகளா எழுதி வச்ச புரோகிராம். மைசின்னு ஸ்டான்ஃபோர்டுல 1970கள்ல பண்ணாங்க, ரத்தத்துல வர்ற தொற்றுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் எந்த ஆன்டிபயாடிக் குடுக்கலாம்னு சொல்லும். 1979ல வந்த சோதனையில யார் சொன்னதுன்னு மறைச்சு வெளி நிபுணர்கள்கிட்ட மதிப்பெண் போடச் சொன்னாங்க, மைசின் சொன்னதுல 65 சதவீதம் ஏத்துக்கலாம்னாங்க, அங்கயே இருந்த பேராசிரியர்களுக்கு 42.5ல இருந்து 62.5 வரைக்கும்தான். இவ்வளவுக்கு அப்புறமும் அது ஆஸ்பத்திரியில ஒரு நாள் கூட வழக்கமான வேலைக்கு வரல. டாக்டர் ஒவ்வொரு நோயாளிக்கும் உக்காந்து கேள்விக்கு பதிலா டைப் பண்ணிக்கிட்டே இருக்கணும், தப்பானா பொறுப்பு யாருதுன்னு தெரியல, அன்னிக்கு இருந்த கம்ப்யூட்டரும் வார்டுக்கு வர்ற மாதிரி இல்ல.

டிஇசி கம்பெனியோட எக்ஸ்கான் இதுக்கு நேர் எதிர். வாக்ஸ் கம்ப்யூட்டருக்கு எந்த பாகத்தோட எது சேரும்னு பாக்கற சிஸ்டம், 1980ல இருந்து பல வருஷம் ஓடுச்சு. ஆனா புது பாகம் வர வர விதி ஆயிரக்கணக்குல ஏறி, அதைப் பராமரிக்கறதே தனிப் பொழப்பா ஆயிடுச்சு. சரியா சொல்றது, வேலைக்குள்ள பொருந்தறது, பராமரிக்கறதுன்னு மூணு தனித்தனி பிரச்சினை, இன்னிக்கு வர்ற சிஸ்டத்துக்கும் இதே மூணுதான்.

டிஎஸ்எஸ் குடுத்தா முடிவோட தரம் கூடும், இதையே ஹைப்பாதிசிஸா வச்சுக்கறேன். ஓகேவா?

டாடும் பென்பாசத்தும் 1992ல வீடு பாக்கற மாதிரி ஒரு வேலையைக் குடுத்து, மனசுல ஓடறதை வாய்விட்டு சொல்லச் சொல்லி ரெக்கார்டு பண்ணாங்க. டூல் கையில இருந்தவங்க இன்னும் நெறைய தகவலைப் பாப்பாங்கன்னு எதிர்பாத்தா, அவங்க மெனக்கெடறதைத்தான் குறைச்சுக்கிட்டாங்க. மிச்சமான உழைப்பை யாரும் தரத்துல போடல. நல்ல முறையைச் சுலபமா ஆக்கினாத்தான் ஜனங்க அந்த முறைக்கு மாறுவாங்கங்கறது அந்த வரிசை ஆய்வுகள்ல இருந்து வர்ற பாடம். அதனால உங்க ஹைப்பாதிசிஸை "இந்த டூல் எந்தப் படியைச் சுலபமாக்குது, அதனால எந்த வழிக்கு ஆள் மாறுவார்"னு மாத்தி எழுதுங்க.

ஒரு பேப்பர் மெஷினை நம்ப மாட்டாங்கங்குது, இன்னொண்ணு மெஷினைத்தான் நம்பறாங்கங்குது. எதை மேற்கோள் காட்டறது?

ரெண்டையும். டீட்வோர்ஸ்டும் கூட்டாளிகளும் 2015ல காட்டினது, அல்காரிதம் ஒரு தடவை தப்பு பண்றதைக் கண்ணால பாத்துட்டா, அது மனுஷனை விட நல்லா கணிக்குதுன்னு தெரிஞ்சும் ஜனங்க அதை விட்டுடறாங்கன்னு. லாக், மின்சன், மூர் 2019ல காட்டினது, அப்படித் தப்பைப் பாக்காதப்ப சாதாரண ஆளுங்க மனுஷன் சொன்னதை விட அல்காரிதம் சொன்னதுக்கு அதிக எடை குடுக்கறாங்கன்னு, நிபுணர்கள்கிட்ட மட்டும் அது குறைவு. கேட்ட கேள்வியே வேற, அதனால முரண் இல்ல.

டீட்வோர்ஸ்ட் குழு 2018ல இன்னொண்ணும் சொன்னாங்க, அல்காரிதம் குடுத்த எண்ணைக் கொஞ்சூண்டு மாத்திக்க விட்டாலே அதைப் பயன்படுத்த ஆளுங்க ஒத்துக்கறாங்க. சிஸ்டம் டிசைன் பண்றவங்களுக்கு இது தங்கமான விஷயம்.

கூகுள் ஃபார்ம் அனுப்பி, ஸ்மார்ட்பிஎல்எஸ்ங்கற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல போட்டு, அம்புக்குறி படம் வந்துட்டா வேலை முடிஞ்சுதுல்ல?

படம் வந்துடும், அது எப்பவும் வரும். "நான் என் அறிவை சகாக்களோடு பகிர்கிறேன்"னு ஒரு வரி, அஞ்சு கட்டம். அதே ஆள், அதே நிமிஷம், நாலு கேள்வி தள்ளி "எங்கள் குழுவின் முடிவுகள் தரமானவை"ன்னு இன்னொரு வரி, அதுக்கும் அஞ்சு கட்டம். மூடு நல்லா இருந்தா ரெண்டுக்கும் நாலு போடுவார், நீங்க அதை எடுத்து "பகிர்வு தரத்தைக் கூட்டுகிறது"ன்னு எழுதுவீங்க. காமன் மெத்தட் பயாஸ்னு சொல்றது இதைத்தான், போட்சகாஃப் குழு 2003ல விலாவாரியா எழுதியிருக்காங்க. முடிஞ்சா ஒரு பக்கத்தை வேற எடத்துல இருந்து எடுங்க, மேலதிகாரியோட மதிப்பீடு, சிஸ்டம் லாக், டிக்கெட் தீர்ந்த நேரம், எதுவா இருந்தாலும் சரி.

நான் கோடிங் ஆளு. ஒரு சிஸ்டம் கட்டிக் குடுத்தா அதுவே ரிசர்ச் ஆகுமா?

ஆகும், அதுக்கு டிசைன் சயின்ஸ்னு ஒரு வழியே இருக்கு, ஹெவ்னர் குழு 2004ல எம்ஐஎஸ் குவார்ட்டர்லிங்கற ஜர்னல்ல எழுதினதுதான் எல்லாரும் காட்டற ஆதாரம். ஆனா கட்டினதோட நிக்காம அது வேலை செய்யுதுன்னு சோதிச்சுக் காட்டணும், இதுக்கு முன்னாடி யாருக்கும் தெரியாத எந்த விஷயம் அதுல இருந்து வந்துச்சுன்னும் சொல்லணும். "நல்லா இருக்குன்னு யூசர்கள் சொன்னாங்க"ங்கறது சோதனை இல்ல, ஏன்னு போன பதில்ல இருக்கு.

ஏஹெச்பி போட்டு சப்ளையரை வரிசைப்படுத்திட்டேன், கன்சிஸ்டன்சியும் 0.1க்குக் கீழ. அப்புறமும் ரிவ்யூவர் ஏன் திட்டறார்?

ஏஹெச்பின்னா தேர்வுகளை ரெண்டு ரெண்டா ஒப்பிட்டு, எடை போட்டு வரிசைப்படுத்தற முறை. 0.1ங்கறது அதை உருவாக்கின சாட்டி வச்ச அளவு, நீங்க முன்னுக்குப் பின் ரொம்ப முரணா சொல்லலைன்னுதான் அது காட்டும், நீங்க சொன்னது சரின்னு காட்டாது. போதாததுக்கு, பட்டியல்ல ஏற்கெனவே இருக்கற ஒண்ணை அப்படியே நகலெடுத்து இன்னொண்ணா சேத்தா மேல இருந்த ரெண்டும் எடம் மாறிக்கலாம்னு பெல்டனும் கியரும் 1983லயே காட்டிட்டாங்க. எடையைக் கொஞ்சம் அசைச்சுப் பாத்து முதல் எடம் நிக்குதான்னு ஒரு டேபிள் போடுங்க. முடிவு எடுக்கற மேனேஜர் அந்த வரிசையைப் பாத்து என்ன சொன்னார்னும் எழுதுங்க, அந்தப் பகுதியை முக்காவாசி பேப்பர் விட்டுடும்.

இப்போ ஏஐ சாட்பாட்ல எல்லா டாக்குமென்டையும் போட்டுட்டா கேஎம் முடிஞ்சுதே, இனிமே இதுல என்ன ஆராய்ச்சி?

தேடற பிரச்சினை நெஜமாவே சுலபமாயிடுச்சு, அதை மறுக்கறதுக்கில்ல. ஆனா பாட் எடுத்துக் குடுக்கறது எழுதி வச்சதை மட்டும்தான். பேக்கரோட முறுக்கு எந்த டாக்குமென்ட்லயும் இருக்காது, டெக்னீஷியன் சாப்பாட்டு மேஜையில சொன்ன கதையும் இருக்காது. பழைய நடைமுறை, புது நடைமுறை ரெண்டு ஃபைலும் உள்ள கெடந்தா எது இப்போ செல்லும்னு யாராவது சொல்லணும், அது எக்ஸ்கான் மாதிரி பராமரிப்பு பிரச்சினை. போதாக்குறைக்கு பதில் சரளமா வர்றதால சரி பாக்காம விடறது கூடும், டாட் பென்பாசத் கண்டது இங்க இன்னும் பலமா இருக்கும்னு நெனைக்கறேன். எனக்கு ஆர்வமா இருக்கற கேள்வி வேற: ஜூனியர் சீனியர்கிட்ட கேக்கறதுக்கு பதிலா பாட்கிட்ட கேட்டா, சீனியர் அந்தக் கேள்வி வழியா தெரிஞ்சுக்கிட்டு இருந்ததெல்லாம் என்ன ஆகும்? இதை ஒரு டீமோட உக்காந்து ஒரு வருஷம் பாத்தா நல்ல தீசிஸ் இருக்கு.

இந்தத் துறையே கன்சல்டன்ட்டுங்க கெளப்பி விட்ட பேஷன்னு ஒருத்தர் செமினார்ல கேட்டு மானத்தை வாங்கிட்டார். என்ன பதில் சொல்றது?

அவர் சும்மா கேக்கல. டாம் வில்சன் 2002ல கேஎம்ங்கறது பெரும்பாலும் தகவல் மேலாண்மைக்கு ஒட்டின புது லேபிள்தான்னு காட்டமா எழுதினார். டிஎஸ்எஸ் பக்கம் ஆர்னட்டும் பெர்வனும் 2005ல 1,020 கட்டுரைகளை அலசிட்டு, மனுஷன் எப்படி முடிவு எடுக்கறான்ங்கற ஆய்வுகளையே தொடாம நெறைய எழுதறாங்க, வேலை பாக்கறவங்களுக்கு உதவறதும் கம்மின்னு சொன்னாங்க. சொன்னவங்க உள்ளாளுங்க, அதனால வலி ஜாஸ்தி.

பதில் என்னன்னா, லேபிள் போனாலும் பிரச்சினை போகல. ஷுலான்ஸ்கி பாத்த தேக்கம், மைசின் வாசல்ல நின்னது எல்லாம் எந்த லேபிள் இருந்தாலும் நடக்கும். 2018ல ஐஎஸ்ஓ 30401னு கேஎம்முக்கு ஒரு தரநிலையே வந்துச்சு, ஆனா அதை வாதத்துக்கு எடுத்துக்காதீங்க, தரநிலை இருக்கறதால ஒரு துறை உருப்படியானதுன்னு ஆயிடாது.

எந்த ஜர்னலைப் படிக்கணும்?

டிஎஸ்எஸ்ஸுக்கு 1985ல இருந்து வர்ற டிசிஷன் சப்போர்ட் சிஸ்டம்ஸ், கேஎம்முக்கு 1997ல தொடங்கின ஜர்னல் ஆஃப் நாலெட்ஜ் மேனேஜ்மென்ட், ரெண்டுக்கும் மேல எம்ஐஎஸ் குவார்ட்டர்லி. ஒரே ஒரு கட்டுரையில ஆரம்பிக்கணும்னா அலாவியும் லைட்னரும் 2001ல எம்ஐஎஸ் குவார்ட்டர்லில எழுதின ரிவ்யூ, பழசானாலும் கேள்விகள் இன்னும் அப்படியே நிக்குது.

சரி, டாபிக் எப்படிப் புடிக்கறது? "நிறுவனங்களில் அறிவு மேலாண்மையின் தாக்கம்"னு வச்சிருக்கேன்.

அது டாபிக் இல்லீங்க, அலமாரி. ஒரு முடிவை எடுங்க, ஒரே ஒரு முடிவு: பழுதான மிஷினை ரிப்பேர் பண்றதா தூக்கிப் போடறதா, இந்த வாடிக்கையாளர் புகாரை மேல அனுப்பறதா இங்கயே முடிக்கறதா, இப்படி அடிக்கடி நடக்கற, முடிவு சரியா தப்பான்னு கொஞ்ச நாள்ல தெரிஞ்சுடற மாதிரி ஒண்ணு. அதை யார் எடுக்கறாங்க, அப்போ எதைப் பாக்கறாங்க, யாரைக் கேக்கறாங்க, சிஸ்டம் என்ன காட்டுது, அதை எப்போ ஒதுக்கறாங்கன்னு கூடவே இருந்து குறிச்சுக்கிட்டே வாங்க. நாலு வாரத்துல எந்த தியரி பொருந்தும்னு அதுவே சொல்லிடும். தியரியை முதல்ல எடுத்துட்டு கம்பெனி தேடறவங்கதான் கூகுள் ஃபார்ம்ல போய் நிக்கறாங்க.

கம்பெனி உள்ள விடவே மாட்டேங்குதே?

"உங்க கேஎம் முதிர்ச்சியை அளக்கறோம்"னு மெயில் போட்டா யாரும் விடமாட்டாங்க, எச்ஆர்லயே நின்னுடும். அந்த முடிவை தினமும் எடுக்கற பிரிவோட தலைவரைப் போய்ப் பாருங்க, "இந்த முடிவுல எங்க நேரம் போகுதுன்னு பாத்து உங்களுக்கு ஒரு ரிப்போர்ட் தர்றேன்"னு சொல்லுங்க. கம்பெனி பேரை மறைக்கறது, டேட்டாவை எங்க வைப்பீங்க, வெளியிடறதுக்கு முன்னாடி அவங்க பாக்கலாமா, பாத்து எதை எடுக்கச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாதுங்கறதை எழுத்துல வாங்கிடுங்க, ஏன்னா உங்களை உள்ள விட்டவர் நடுவுல மாறிப் போயிட்டா அடுத்தவர் முதல்ல கேக்கறது அந்தக் காகிதத்தைத்தான்.